சென்னியப்பனுக்கு மட்டும் கேட்காத பாட்டு

செங்காட்டுவலசில் குடிதண்ணீர் பாடத் தொடங்கியபோது ஊரில் முதலில் குறைந்தது சண்டை. அந்தப் பாட்டு, தண்ணீர் தோலில் பட்டால் மங்கலாகவும் நாக்கில் பட்டால் தெளிவாகவும் கேட்டது. விழுங்கினால் நின்றது, துப்பினாலும் நின்றது. அதனால் காங்கேயத்துக்குத் தெற்கே சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கிடந்த அந்தச் சின்ன ஊரில், விடிந்ததும் ஆணும் பெண்ணும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு கன்னம் உப்ப வாசல் கூட்டினார்கள், கன்னம் உப்ப மாடு கறந்தார்கள், கன்னம் உப்பப் பஸ் ஏறினார்கள், எங்கே போகணும் என்று கேட்ட கண்டக்டருக்கு விரலால் திசை காட்டினார்கள். கண்டக்டர் கொஞ்ச நாள் திட்டினார், அப்புறம் இறங்கிப்போய்க் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தார், அதற்கப்புறம் அந்த ரூட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாமியார் திட்ட வாயெடுத்தால் பாட்டு போய்விடும்; மருமகள் பதில் சொன்னாலும் போய்விடும்; யார் பாட்டை முதலில் இழப்பது என்று இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே நின்று, முறைத்துக்கொண்டே தலையை ஆட்டி, கடைசியில் எதற்கு முறைத்தோம் என்பதையே மறந்து போனார்கள்.

தண்ணீர் ஏன் பாடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுலோச்சனா ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிணற்றில் நீந்துகிறாள், அதனால் தண்ணீர் பாடுகிறது. மழை பெய்தால் மண் மணக்கிறதே, அதற்கு யாராவது விளக்கம் கேட்கிறார்களா?

சுலோச்சனா சென்னியப்பனின் மனைவி. முட்டிவலி வந்து, நடக்க வேண்டாம் நீந்துங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சின்னப்பிள்ளையில் பிறந்த ஊரில் முதுகில் சுரைபுருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை, கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கியிருந்தார்கள். வயசுக்கு வந்த அன்றைக்குக் கரையேறியவள்தான், பிறகு இறங்கவே இல்லை. இப்போது மகள் மோகனப்பிரியா விட்டுப்போன பழைய சுடிதார் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தோட்டத்துக் கிணற்றின் படியில் இறங்கி, கடைசிப் படியில் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையைக் காலை உதறிப் பார்த்தாள். கைகால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட மகள் அயர்லாந்திலிருந்து ஒரு ஹெட்போன் அனுப்பினாள். வயர் கிடையாது, காது மடலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்வது, நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. போனை மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டு, சுலோச்சனா தினமும் விடிந்ததும் நீந்தினாள்.

ஊர் முதலில் கத்தியது. ஏனென்றால் ஊர்ப் போர்வெல் வற்றிப்போனதிலிருந்து சென்னியப்பன் கிணற்றிலிருந்துதான் பஞ்சாயத்து மோட்டார் வைத்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. காலையில் தொட்டிக்கு, மத்தியானத்துக்கு மேல் சென்னியப்பன் காட்டுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். "ஊரே குடிக்கற தண்ணியில இந்தம்மா சுடிதார் போட்டுட்டு மொதந்துட்டுக் கெடக்குது" என்று ஆளுக்கு ஆள் பேசி, சுலோச்சனாவைக் கண்டிக்கச் சொல்லிப் பஞ்சாயத்து பிரசிடென்ட் நாகமணியை அனுப்பினார்கள். நாகமணி வெயிலில் நடந்து வந்த களைப்பில், கண்டிப்பதற்கு முன்னால் மோட்டார் ரூம் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றினாள். ஊற்றியவள் ஊற்றியபடியே நின்றாள். வெகுநேரம் கழித்து விழுங்கிவிட்டு, "அக்கா, நீங்க கரையேறாம மோட்டாரப் போடக்கூடாதுன்னு ஆளுக்குச் சொல்லிப்புடறேன். நல்லா நீந்துங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனாள்.

சென்னியப்பனுக்கு அது கேட்கவில்லை.

மாரப்பன் டீக்கடையில்தான் அவருக்கு முதலில் விஷயம் தெரிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் டீக்கு முன்னால் கொடுத்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு மடக்குக் குடித்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னொரு மடக்கு. கொஞ்சம் தகரடப்பா வாசம் அடித்தது, அவ்வளவுதான்.

"கேக்குதுங்களாண்ணா?" என்று டெய்லர் அனிபா, தன் வாய்த் தண்ணீரை விழுங்கிவிட்டுக் கேட்டார். "அம்முணி கைராசி அப்படி. உங்களுக்கென்னங்க, வீட்டோட பாட்டு."

இல்லை, கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிணறு அவருடையது, பெண்டாட்டி அவருடையவள், ஊருக்கெல்லாம் கேட்கிற ஒன்று அவருக்கு மட்டும் கேட்கவில்லை என்று டீக்கடையில் வைத்துச் சொல்ல எந்தப் புருஷனுக்கு நாக்கு வரும்? சென்னியப்பன் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த அனிபாவின் தலை எப்படி ஆடுகிறதோ அப்படியே தன் தலையையும் ஆட்டினார். அனிபா இடது பக்கம் சாய்ந்தால் அவரும் சாய்ந்தார். அனிபா கண்ணை மூடினால் அவரும் மூடினார். மூடியதும் அடுத்து எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்ச் சுலோச்சனாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேராகப் பேசிக்கொண்டு வெகுநாள் ஆகியிருந்தது. மோகனப்பிரியாவுக்கு அயர்லாந்தில் பிரசவ நேரம், அம்மாவுக்கு விசா, டிக்கெட் எல்லாம் தயார் செய்துவிட்டாள், அப்போது சென்னியப்பன், "நீ போயிட்டா மாட்ட யாரு கறக்கறது?" என்று கேட்டார். அவருக்கு அது வெறும் கேள்வி. காதில் வாங்கியவளுக்கு அது தீர்ப்பு. சுலோச்சனா போகவில்லை. அடுக்கிய பெட்டியைப் பிரித்துப் பரணில் போட்டாள். மாடுதானே இந்த வீட்டில் பெரிசு என்று அன்றையிலிருந்து மாட்டிடமே பேச ஆரம்பித்தாள்.

"மயிலை, சோறு ஆறுதுன்னு சொல்லு."

"மயிலை, கொழம்புல உப்பில்லைன்னு சொல்லு."

"மயிலை, உப்பு டப்பா எங்கிருக்குதுன்னு கண்ணிருக்கறவங்களுக்குத் தெரியும்னு சொல்லு."

மயிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி அசை போட்டது. ஊரில் இப்படிப் பேசிக்கொள்கிற வீடுகள் வேறேயும் இருந்தன; ஒரு வீட்டில் கோழியிடம், ஒரு வீட்டில் செத்துப்போன மாமனாரின் போட்டோவிடம். அதனால் இதையும் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பு, சோறு, கரண்டு பில் எல்லாம் மாட்டின் வழியாகப் போய் வந்துவிடும். ஆனால், உன் பாட்டு எனக்கு ஏன் கேட்பதில்லை என்பதை ஒரு மாட்டிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது? ஒருநாள் முயற்சியும் செய்தார். "மயிலை, தண்ணிக்குள்ள என்ன..." என்று ஆரம்பித்தவர், மாடு அவ்வளவு பெரிய கண்ணை விரித்துப் பார்த்ததும் வெட்கப்பட்டு, "தண்ணி வெச்சாச்சான்னு கேளு" என்று முடித்துக்கொண்டார்.

அதனால் அவர் ஊரிடம் கேட்டார். நேராகக் கேட்க முடியாது. கேட்கிற பாட்டைப் பற்றிக் கேட்காதவன் எப்படி விசாரிப்பது? தெரிந்தவர் போலப் பேச்சைக் கொடுத்து வாயைப் பிடுங்கினார்.

"ஏ மாரப்பா, அந்தக் குரல் கொஞ்சம் கட்டைக் குரலாட்ட இல்ல?"

"கட்டையா? என்னங்க மாப்ள, காதுல பஞ்சா வெச்சிருக்கறீங்க? இளங்குரலுங்க அது. நல்ல வயசுப் பையன் குரலாட்ட."

"பையனா?"

"பின்ன?"

"பொம்பளக் குரலுங்கண்ணா" என்றார் அனிபா. "ஆனா ஆம்பள பாடற பொம்பளக் குரல்."

"அதென்ன கெரகம்டா, ஆம்பள பாடற பொம்பளக் குரல்!"

"குரலா முக்கியம்?" என்றார் பெஞ்சில் இருந்த இன்னொருவர். " அந்தப் பாட்டு யாரையோ காத்துட்டிருக்கற பாட்டுங்க. வருவாங்க வருவாங்கன்னு வழியப் பாத்துட்டிருக்கற மாதிரி. யாரைன்னு எங்களுக்கெப்படித் தெரியும்? வீட்டுக்காரரு நீங்கதான் சொல்லோணும்."

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. வாயில் தண்ணீர் வைத்திருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முதுகில் துப்பினார்கள். துப்பியதில் பாட்டு போய்விட்டதே என்று மாரப்பனிடம் இன்னொரு டம்ளர் கேட்டார்கள். சென்னியப்பனும் சிரித்தார். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு அவர் வயிற்றில் இறங்கி, அங்கே உட்கார்ந்துகொண்டு, பச்சை மிளகாயைக் கடித்தது போல எரிய ஆரம்பித்தது. காத்துக்கொண்டிருக்கிற பாட்டு. வயசுப் பையன் குரல். யாரது? அவளுக்கு அவரைத் தெரியாத வயசென்று ஒன்று இருந்ததே, கிணற்றில் சுரைபுருடை கட்டி மிதந்த வயசு, அங்கேயிருந்து வருகிறவனா?

அதற்கப்புறம் தினமும் விடியும்போது அவர் வாய்க்கால் மேட்டில் தென்னை மறைவில் நின்று பார்த்தார். சுலோச்சனா கடைசிப் படியில் உட்கார்ந்து, ஹெட்போனில் எதையோ கேட்டுக்கொண்டு, கால்விரலால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பாள். பிறகு திடீரென்று, யாரோ கூப்பிட்டது போல, தலைகீழாக உள்ளே போவாள். ஒரு மூச்சுக்கு உள்ளேயே இருப்பாள். மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போவாள். கரையேறும்போது அவள் முகத்தில் ஒன்று இருந்தது. மோகனப்பிரியா பிறந்த மூன்றாம் மாசமோ நாலாம் மாசமோ, தூளியை ஆட்டிவிட்டுக் குழந்தை தூங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவளின் முகத்தில் அதை அவர் பார்த்திருந்தார். அதற்கப்புறம் அந்த முகத்தை அந்த வீட்டில் பார்த்ததில்லை. அது இப்போது தினமும் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து, தலை துவட்டி, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் காணாமல் போனது.

அவள் ரேஷன் கடைக்குப் போன ஒரு நாளில் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். போனில் இருந்ததெல்லாம் பழைய சினிமாப் பாட்டுகள், இரண்டு மூன்று சாமிப் பாட்டுகள். கட்டிலில் மல்லாந்து ஒன்று விடாமல் கேட்டார். எல்லாம் அவருக்கும் தெரிந்த பாட்டுகள்தான். அவர் கல்யாணத்துக்கே ரேடியோ செட்காரன் இதையெல்லாம் போட்டான். ஒரு பாட்டாவது யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அப்படியென்றால் பாட்டு போனில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றில் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். ஒன்றுமில்லை. காது அடைத்தது. நெஞ்சு அடிப்பது மட்டும் தொலைவில் யாரோ துணி துவைப்பது போலக் கேட்டது. ஒரு கெண்டை வந்து கால் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது. மூச்சு முட்டும்வரை இருந்து பார்த்துவிட்டுக் கரையேறி, "தூ" என்று கிணற்றைப் பார்த்துத் துப்பினார். துப்பியதற்கு அப்புறம் ஊர் குடிக்கிற தண்ணீர் என்று நினைவு வந்து சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார்.

இதற்குள் ஊர் சுலோச்சனாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவள் பழனிக்குப் போய் இரண்டு நாள் தங்கியதில் தண்ணீர் ஊமையாகி, ஊரில் விட்டுப்போன சண்டையெல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. அவளைத் திரும்பக் கூட்டிவர நாகமணி ஒரு வேனே எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தால் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சொம்பை வாங்கினார்கள். யார் வீட்டில் பலகாரம் சுட்டாலும் ஒரு தூக்குப்போசி சுலோச்சனாவுக்கு வந்தது. மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தக்குடம் காலங்காலமாக நொய்யலுக்குப் போய் எடுத்து வருவார்கள். அந்த வருஷம் சென்னியப்பன் கிணற்றிலேயே எடுத்தார்கள். கோயில் வாசலில் சுலோச்சனாவை நிற்க வைத்து முதல் மரியாதை செய்து, மாலை போட்டு, மேளக்காரர்கள் உட்பட எல்லோரும் ஒரு மடக்குத் தீர்த்தத்தை வாயில் ஊற்றிக்கொண்டதும் நாயனம் நின்றது, தவில் நின்றது, அத்தனை பெரிய கூட்டம் கன்னம் உப்பக் கண்ணை மூடி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தது.

"சென்னியண்ணா, இதைக் கொஞ்சம் புடிங்க, அக்கா மாலை வாங்கட்டும்" என்று நாகமணி கொஞ்சம் முன்னால்தான் ஒரு துணிப்பையை அவர் கையில் கொடுத்திருந்தாள். உள்ளே துண்டு, மாற்றுத் துணி, ஹெட்போன். பெண்டாட்டியின் ஈரப் பையைப் பிடித்துக்கொண்டு, யாருடைய தலையைப் பார்த்து ஆட்டுவது என்று தெரியாமல், அந்தக் கூட்டத்தில் ஆடாமல் நின்ற தலை தன்னுடையது மட்டும்தான் என்று சென்னியப்பன் நினைத்தார். ஊருக்கே கொடுக்கிறாள். மேளக்காரனுக்குக் கொடுக்கிறாள். பஸ் கண்டக்டருக்குக் கொடுக்கிறாள். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு எனக்குக் கொடுக்கக்கூடாதென்று வடிகட்டி வைத்திருக்கிறாள்.

நோம்பி முடிந்த மறுநாள், மத்தியான முறை வந்ததும், அவர் மோட்டாரைப் போட்டார்; முறை முடிந்தும் நிறுத்தவில்லை. மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை அண்டிராயர் பையில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் குந்திக்கொண்டார். அடிவரைக்கும் இறைத்துப் பார்த்துவிடுவது. எவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு பாடுகிறானோ அவன் சேற்றில் சிக்குகிற மீன் மாதிரி துள்ளட்டும்.

வாய்க்கால் நிரம்பித் தென்னைக்குப் பாய்ந்தது, தென்னை நிரம்பிச் சோளத்துக்குப் பாய்ந்தது, சோளக்காடு குடித்தது போக மிச்சம் வண்டித்தடத்தில் இறங்கி ஊரைப் பார்த்து ஓடியது. ஊர் கொதித்துக்கொண்டு கிளம்பி வந்தது. "அடப் பாவி, ஊர் தண்ணிய ரோட்டுல உடறானே!" என்று கத்திக்கொண்டு வந்தவர்கள், வண்டித்தடத்தில் கால் நனைந்ததும் மெதுவானார்கள், பாட்டு கணுக்காலில் மங்கலாகத் தொட்டது, ஒருத்தர் குனிந்து கை வைத்தார், இன்னொருத்தர் உட்கார்ந்தே விட்டார். போகிற தண்ணீர், திரும்பி வராத தண்ணீர், அதனால் அன்றைக்குப் பாட்டு என்றைக்கும் இல்லாத மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். இருட்டும்வரை வாய்க்கால் ஓரமாக நெடுக உட்கார்ந்து கையை நனைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, மோட்டாரை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் எழ மனசு வரவில்லை.

மறுநாள் உச்சிக்கு முன்னால் மோட்டார் காற்றை இழுத்துக் கனைத்தது. சென்னியப்பன் அதை நிறுத்திவிட்டுப் படியிறங்கினார். அடியில் சேறும், உடைந்த குடம் ஒன்றும், எவனோ எப்போதோ தொலைத்த செருப்பும், துள்ளிக்கொண்டிருந்த கெண்டைகளும் இருந்தன. பாடுகிறவன் யாரும் இல்லை. பாறை இடுக்கையெல்லாம் கையை விட்டுத் துழாவினார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சுலோச்சனா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, தண்ணீர் இருந்த காலத்தில் யாரும் கால் வைக்காத பாசிப்படியில் நின்றாள். மேலே கிணற்று விளிம்பு முழுக்க வட்டமாகத் தலைகள். இரண்டு பேரும் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார்கள். மாடு இல்லை. கிணற்றுக்குள் மாட்டை எப்படி இறக்குவது?

"என்ன தேடறீங்க?" என்றாள் சுலோச்சனா. நேராக.

அவர் கையிலிருந்த சேற்றை வழித்தார். "பாட்ட."

"கெடச்சுதா?"

"எனக்குக் கேக்கறதில்ல." ஒருதரம் சொல்லிவிட்டதும் அடுத்ததெல்லாம் தானாக வந்தது. "ஊருக்கே கேக்குது. நாய்க்குக்கூடக் கேக்குது, தண்ணித் தொட்டியில வாய வெச்சுட்டுப் பொட்டாட்ட, சத்தங்காட்டாம நிக்குது. எனக்கு ஒருநாளும் கேட்டதில்ல. நான் அப்படி என்ன பாவம் பண்ணிப்போட்டேன்?"

சுலோச்சனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டீக்கடையில அப்படித் தலையாட்டிட்டு உக்காந்திருந்தீங்களே. பஸ்ஸுல போறப்பப் பாத்தேன்."

"அனிபாவப் பாத்து ஆட்டுனேன்."

அவள் பாசிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கிணற்றுச் சுவரில் பட்டு வட்டமாகச் சுற்றி மேலே போனது. மேலே தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அந்தத் தலையாட்டலப் பாத்துட்டு நான் எத்தன நாள் வயிறெரிஞ்சு கெடந்திருப்பேன்! இந்த மனுசனுக்குக்கூடக் கேக்குது, எனக்குக் கேக்கலையேன்னு."

"உனக்கென்ன எரியறதுக்கு? உன்ற பாட்டு."

"என்ற பாட்டா? எனக்குக் கேட்டாத்தானே." குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சாலும் கேக்காது, குளிச்சாலும் கேக்காது. வர்றவிய போறவியெல்லாம் கையப் புடிச்சுட்டு, என்ன பாட்டு அக்கா, என்ன பாட்டு அக்காங்கறாங்க. என்னத்தச் சொல்ல? சிரிச்சுட்டு நின்னேன்."

"ஹெட்போன்ல கேக்கறதானே?"

"மேல இருக்கற வரைக்கும்தான். தலைய முக்குனா பட்டுனு நின்னு போகும். போன்ல இருந்து வர்றது தண்ணிக்குள்ள வராதாமா. பாப்பா அனுப்பறப்பவே சொன்னா."

"அப்பறம் எதுக்குத் தெனமும் மாட்டிட்டு எறங்கறே?"

"நின்னு போறதுக்குத்தான்."

அவருக்குப் புரியவில்லை. அவள் சேற்றில் துள்ளிய ஒரு கெண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சும்மா முங்குனா வெறும் தண்ணிதான். பாட்டு ஓடிட்டிருக்கறப்ப, நல்ல எடமாப் பாத்து முங்கோணும். பாட்டு அந்தால நின்னு போயிரும். ஆனா அது இருந்த எடம் அப்படியே காலியா இருக்கும். அங்க எதுவும் கேக்காது. காது அடைச்சிரும், நெஞ்சு அடிக்கறது மட்டும் எங்கியோ கேக்கும். பாப்பாளுக்கு வலி வந்தப்ப அம்மான்னு கத்தியிருப்பாளல்ல? எனக்குக் கேக்கலையே. கேக்காமப் போனதெல்லாம் அங்கதான் போய்க் கெடக்குமாட்ட இருக்குது. அதுக்குப் பக்கத்துல ஒரு மூச்சு இருந்துட்டு வருவேன். அவ்வளவுதான்."

சென்னியப்பன் சேற்றிலிருந்து ஒரு காலை உருவினார். வேறெங்கும் வைக்க இடமில்லாமல் அதே இடத்தில் வைத்தார். "நீ வேணா இப்பப் போயிட்டு வா" என்றார்.

"இப்பப் போயி? கொழந்தை நடக்கவே ஆரம்பிச்சிருச்சு." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "அந்தப் பேச்ச விடுங்க."

மேலேயிருந்து மாரப்பன் கத்தினார். "ஏனுங், என்ன பேசறீங்கன்னு கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களே!"

"நெஞ்சு அடிக்கறது," என்றார் சென்னியப்பன், மேலே பார்க்காமல், "தொலவுல துணி தொவைக்கறாப்ல கேக்கும். அதானே?"

சுலோச்சனா சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்கெப்படித் தெரியும்?"

"ஒருக்கா எறங்கிப் பாத்தேன். நீ ரேஷனுக்குப் போனப்ப."

அவள் முகத்தில் ஒன்று ஏறுவதை அவர் பார்த்தார். என்ன அது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் தன் வயிற்றில் வைத்துச் சோறு போட்டு வளர்த்தவர் ஆயிற்றே. ஊர் முழுக்கக் கேட்ட பாட்டில் அவளுக்கு இருந்த பொறாமை வேறு, இது வேறு. ஊரில் எவருக்கும் கிடைக்காத அந்த ஒன்றுமில்லாததை, எந்தச் சிரமமும் இல்லாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி இந்த ஆள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அது என்ற எடமுங்க" என்றாள்.

சென்னியப்பன் ஒருநாளும் எதையும் விட்டுக்கொடுத்துப் பழகியவர் அல்ல. வரப்பில் ஒரு சாண் விட்டதில்லை, முறைத் தண்ணீரில் ஒரு சொம்பு விட்டதில்லை. இதை விடுவது அதையெல்லாம்விடச் சிரமமாக இருந்தது, ஏனென்றால் அவளும் அவரும் ஒன்றாகக் கேட்டது என்று இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

"இனி எறங்கல" என்றார்.

பாறை இடுக்கிலிருந்து ஊற்றுக் கசிய ஆரம்பித்திருந்தது. கெண்டைகள் இருந்த குழியில் முதலில் தண்ணீர் நின்றது. இரண்டு பேரும் மேலே ஏறியபோது ஊர் வழிவிட்டு நின்றது. திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் மறந்து, கீழே என்ன பேசினார்கள் என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது.

கிணறு ஊறிய பிறகு தண்ணீர் முன்போலவே பாடியது, ஊர் முன்போலவே கன்னம் உப்பியது. சென்னியப்பன் டீக்கடையில் தலையாட்டுவதை விட்டுவிட்டார். எனக்குக் கேட்காது என்று வாய்விட்டே சொன்னார். "பாவமுங்க, இத்தன கிட்ட இருந்துட்டு" என்று அவர்கள் உச்சுக் கொட்டியபோது, ஆமாமா என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் வயிறு இன்னும் எரியத்தான் செய்தது. ஆனால் இப்போது எரிந்தது ஊரின் பாட்டுக்காக அல்ல, விடிகாலையில் அவள் உள்ளே இருக்கிற அந்த ஒரு மூச்சு நேரத்துக்காக. அவ்வளவு சின்ன எரிச்சலோடு ஒரு மனுசன் குடும்பம் நடத்திவிட முடியும்.

மழை பெய்து கிணறு பாதிக்கு மேல் ஏறியிருந்த ஒரு காலை, சுலோச்சனா போனை ஜன்னலில் வைக்காமல் அவர் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீங்களே ஒண்ணப் போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். எதைப் போடுவது? வெகுநேரம் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, ஒன்றை அழுத்தினார். கடைசிப் படியில் உட்கார்ந்து கேட்டவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கால்விரல் தண்ணீரைத் தட்டுவதை அவர் பார்த்தார். நல்ல இடம் வந்ததும் முங்கினாள். சென்னியப்பன் மேலே இருந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். தென்னை அசையவில்லை, போன் தன்பாட்டுக்கு யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருந்தது, அவர் காது அடைத்தது.

அவள் மேலே வந்து முகத்துத் தண்ணீரை வழித்தாள். "கேட்டுதுங்களா?"

"ஒண்ணும் கேக்கல."

"எனக்கும்தான்" என்றாள், தூளி ஆட்டிய நாளின் அந்த முகத்தோடு. அதை அங்கேயே விட்டுவிடாமல் அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள்.

குடத்தோடு மோட்டார் ரூம் குழாய்க்கு வந்திருந்த அனிபா, கன்னம் உப்பியபடி இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பாட்டு, காலையில் வாயில் ஊற்றிய முதல் தண்ணீர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. அவ்வளவையும் ஒரே மடக்காக விழுங்கிவிட்டு ஓடி வந்து கேட்டார்:

"ஏனுங்கண்ணா, உங்க ரண்டு பேருக்கும் அப்படி என்னங்க கேக்குது?"